காப்பித் தோட்டத்தில் ஒரு ஜப்பான் கூச்சல்

ரத்தம் அப்படிப் பீய்ச்சி அடிக்காது. சேலத்துத் தியேட்டரில் உட்கார்ந்து நான் முதலில் நினைத்தது அதைத்தான். திரையில், உப்பளத்து ஊர் ஒன்றுக்குக் காவல் நிற்கும் வாள்காரி, எதிரியைத் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே வீச்சில் பிளந்தாள். சிவப்பு விசிறி மாதிரி விரிந்து நிலாவையே மறைத்தது. கூட்டம் விசிலடித்தது. போன வருஷம் என்றால் நானும்தான் அடித்திருப்பேன். இப்போது எனக்குத் தெரியும். முதலில் சட்டை நனையும். நனைந்த இடம் சிவப்பாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். அடிபட்டவன் வாயைத் திறந்து வசனமெல்லாம் பேச மாட்டான்.

வீட்டுக்காரருக்குப் பிடித்த ஓரத்து இருக்கையில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது.

எங்கள் இருவருக்கும் ஜப்பான் அனிமே என்றால் பைத்தியம். பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் எல்லோரும் மாதா கோயில் தேதி, சாமியார் தேதி என்று பேசிக்கொண்டிருக்க, நாங்கள் பின்வாசலில் நின்று ஒரு தொடரின் வில்லன் நிஜமாகவே செத்தானா இல்லையா என்று சண்டை போட்டோம். அவர் செத்துவிட்டான் என்றார். நான் இல்லை என்றேன். இன்றுவரை அந்த வழக்கு முடியவில்லை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதெல்லாம் ஒரே பெயர்தான். "ரெண்டு கழுதைங்களும் பொம்மப்படம் பாக்குதுங்க" என்பார்.

வீட்டுக்காரர் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். நான் ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். டூரிஸ்ட் வராத நாட்களில் லாட்ஜ் வைஃபையில் புதுக் குறும்படங்களை இறக்கி, பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். பெரிய படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய சேலையோடு பஸ் ஏறி மலை இறங்குவோம். ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் முதலில் பார்த்துவிட்டால் அடுத்தவருக்குக் கதையைச் சொல்லக் கூடாது. ஒருமுறை வாய் தவறி யார் சாகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாத! சொல்லாத!" என்று எஸ்டேட் லைன் வீடுகள் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி அந்தக் கூச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் காட்டெருமை அதிகம். காப்பிச் செடிக்குள் நின்றால் கறுப்புப் பாறை என்றுதான் நினைப்போம், பாறை மூச்சு விட்ட பிறகுதான் தெரியும். அதனால் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். புதிய பிளாக்கில் பழம் பறிக்க இறங்கும் முன்னால் சூப்பர்வைசர் தனியாக முன்னே போவார். தகரத்தைத் தட்டுவார், நின்று கேட்பார். சுள்ளி முறிகிற சத்தம் நகர்ந்து போய் அடங்கிய பிறகு கூவுவார். கீழேயிருந்து கூவல் வந்தால், வழி சுத்தம், வரலாம் என்று அர்த்தம். மேலே நிற்கிற பெண்கள் பதிலுக்குக் கூவிவிட்டு இறங்குவார்கள். ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு கூவல். எங்களுடையது பழைய 'ஹோய்'தான். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? எங்களுக்குப் பிடித்த தொடரில் வருகிற போர்க் கூச்சலைக் கொண்டுவந்துவிட்டார். வயிற்றிலிருந்து மெதுவாகக் கிளம்பி, மேலே மேலே ஏறி, உச்சியில் உடைகிற கூச்சல். முதல் நாள் பெண்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்களாம். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பாட்டி வயதுக்காரிகள்கூட மிளகுக் கொடிக்கு நடுவே நின்று ஜப்பான்காரன் மாதிரி கத்துவார்கள், கத்தி முடித்ததும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் கூவலோடு சேர்ந்த வழக்கமாகவே ஆகிவிட்டது.

தை மாதம், பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். டீக்கு முன்னால் கீழ் பிளாக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் இறங்கிப் போனார். தகரம் தட்டினார். நின்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. கூட்டமாக இருக்கிற மாடுகள்தான் சத்தம் கேட்டு நகரும். தனியாகத் திரிகிற கிழட்டுக் காளை நகராது, நின்று பார்க்கும்.

கீழேயிருந்து கூச்சல் வந்தது. அதே ஜப்பான் கூச்சல். மேலே இருந்த பெண்கள் வழக்கம் போலப் பதிலுக்குக் கத்தினார்கள், வழக்கம் போலச் சிரித்தார்கள், பறிப்புப் பையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தார்கள். இரண்டாவது கூச்சல் வந்து பாதியில் நின்றது. அப்போதுதான் மூத்த பறிப்புக்கார அக்கா ஒருத்திக்கு உறைத்திருக்கிறது. அவர்கள் ஓடிப் போனபோது, காளை அவரைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கொம்பால் நெட்டிக்கொண்டு நின்றதாம். தகரத்தையும் கவாத்துக் கத்தியையும் கல்லையும் எறிந்து விரட்டியிருக்கிறார்கள். அது அவரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலச் செடிக்குள் நடந்து போனதாம்.

எஸ்டேட் ஜீப் பஜாரில் லாட்ஜ் வாசலில் ஒரு நொடிதான் நின்றது. நான் செருப்பை விட்டுவிட்டு ஏறினேன். பின் சீட்டில் அவரை மடியில் போட்டுக்கொண்டு, லாட்ஜ் துண்டை விலாவில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். வளைவு திரும்பும்போதெல்லாம் உள்ளே ஏதோ இடம் மாறுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. சூடாக இருந்தது. துண்டு கனத்துக்கொண்டே போனது. ஒரு வளைவில் எதிரே பஸ் வர டிரைவர் பிரேக் அடித்தார், என் கை வழுக்கியது. கிழிந்த இடத்தில் விரல் போய்விட்டது. அவர் கத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வந்தேன் என்று டிரைவர் பிறகு சொன்னார். மாட்டை, மலையை, ரோட்டை, ஆண்டவரை, யாரையும் விடவில்லையாம். அடிவாரம் வந்து ரோடு நேரானபோது மடியில் கிடந்தவர் கண்ணை மூடினார். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். திறந்தார். ஆஸ்பத்திரி வரை அறைந்துகொண்டே போனேன்.

உயிர் தப்பியது. விலா எலும்பு முறிந்து, குடலைத் தைத்து, கோடை முழுக்கப் படுக்கை. புண் ஆறியது, ஆனால் சத்தம் திரும்பவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மனுஷன் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினார். கோழி முற்றத்தில் காயப் போட்ட மிளகைக் கிளறினால்கூட 'சூ' என்று விரட்ட மாட்டார், எழுந்து போய்க் கையால் தள்ளுவார். எஸ்டேட்டில் அவரை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். அடுத்த பறிப்புக்குள் காட்டுக்குள் இறங்க முடியுமா என்று பார்க்கலாம் என்றார்கள். கூவ முடியாத சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

டிவியில் வாள் உரசுகிற சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆனால் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்று சொன்னார்.

"நீ போயிட்டு வா புள்ள. வந்து கதையச் சொல்லு. யாரு சாவறாங்கன்னு மொதல்லயே சொல்லிப்புடு."

அவர் குடல் கிழிந்து கிடந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. என் வீட்டில் படுத்திருப்பது அவர் முகத்தோடு இருக்கிற வேறு யாரோ. எனக்கு வேண்டியது காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற அந்த ஆள். அந்த ஆள் திரும்பி வராவிட்டால், தைத்து ஒட்டிக் கொடுத்த உடம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சொன்னதைச் செய்தேன். தனியாக மலை இறங்கிப் படம் பார்த்தேன், திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் செத்தார்கள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். நானும் கெட்டுப் போயிருந்தேன். மிருகம் சாகிற படமாகத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு குறும்படத்தில் வேட்டைக்காரி பனிக்காட்டில் கரடி ஒன்றின் தொண்டைக்குள் ஈட்டியைச் செருகுவாள். அதை லாட்ஜ் மேசையில் எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வனத்துறை ஆட்கள் அந்தக் காளையை வேட்டுப் போட்டு அடுத்த சரிவுக்கு விரட்டியதோடு சரி. சுட்டிருக்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய படம் வந்தது. படைவீரர்களைக் கிழித்துப் போடுகிற மலை விலங்கு ஒன்று, நல்ல மனசுக்காரனான கதாநாயகன் எதிரே வந்து மண்டியிடுகிறது. படம் வரைந்த அழகைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு ரோமமும் காற்றில் அசைந்தது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அப்படியானால் என் வீட்டுக்காரர் நல்ல மனசுக்காரர் இல்லையா? போதாக்குறைக்கு, ஒரு வீரனைக் கொம்பில் தூக்கி மரத்தில் அறைகிற காட்சிக்கு, எனக்கு முன் வரிசைக் கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். என் கைப்பை அவன் பிடரியில் இறங்கியது. உள்ளே டிபன் டப்பா இருந்தது.

"யக்கா! கார்ட்டூன்தானக்கா!" என்றான் தலையைத் தேய்த்துக்கொண்டே.

"கார்ட்டூனா? மரத்துல வெச்சு அறைஞ்சா எப்பிடி இருக்கும்னு வாடா காட்டறேன்!" என்று இன்னொன்று போட்டேன். இடைவேளையில் தியேட்டர்காரர்கள் மரியாதையாக என்னை வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. மீதிக்கு நானாகவே ஒரு முடிவு கட்டி, விலங்கைக் கொன்றுவிட்டேன். அவர் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு குறும்படம் கிடைத்தது. அதில் சண்டையே கிடையாது. சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருத்தி, கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு சட்டை துவைக்கிறாள். அவ்வளவுதான் படம். யாருடைய சட்டை, அவன் இருக்கிறானா இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் நிறம் மாறுகிறது. கொட்டிவிட்டு மறுபடி இறைக்கிறாள். வசனம் இல்லை, இசை இல்லை, துணி கல்லில் விழுகிற சத்தம் மட்டும். இத்தனை வருஷத்தில் பார்த்த அத்தனை வாள் சண்டையையும் விட அந்தச் சட்டையைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் சமையல் நடக்கும்போது டிவியில் ஓடவிட்டேன். வாள் சத்தம் இல்லாததால் அவர் திரும்பிப் படுக்கவில்லை. கடைசி வரை பார்த்தார்.

"என்ற சட்டைய என்ன பண்ணுன?" என்றார்.

இதுவரை அவர் கேட்டதே இல்லை. "தொவைச்சுப் பாத்தனுங்க. கறை போகல. அடுப்புல வெச்சுட்டேன்" என்றேன்.

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "குத்துனப்ப வேற என்ன கத்தறதுன்னு தெரியல புள்ள. வாயில வந்தது அதுதான். பதில் வந்துச்சு. மேல இருந்து எல்லாரும் சிரிச்சாங்க. கொம்பு உள்ள இருக்குது, அவிய சிரிக்கறாங்க."

அடுப்பில் கிடந்த குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் எழுந்து போகவில்லை.

அவருக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் வீட்டுக்கு வந்து, "சிரிச்சுப்புட்டமே சாமி, பாவிங்க சிரிச்சுப்புட்டமே" என்று அழுதபோது இவர்தான் தண்ணீர் கொடுத்தார். கோபம் எல்லாம் எனக்குத்தான். எதன் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆனால் ஒன்று இப்போது புரிந்தது. கத்தினால் உதவி வராது, சிரிப்புதான் வரும் என்று அவர் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அதை எந்த டாக்டர் தைப்பார்?

அப்புறம்தான் முதலில் சொன்ன இந்த உப்பளத்து வாள்காரி படம். கடைசிக் காட்சியில் அவள் செய்த காரியத்தைப் பார்த்து நான் கைப்பையை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டேன். ரத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன் அவள் கை நடுங்கியது. வெட்டிய பிறகு வாந்தி எடுத்தாள். அவர் பார்க்க வேண்டிய படம் என்று மனசு அடித்துக்கொண்டது. பஸ் ஏறும்போதே, வாசலில் நின்று சொல்ல வேண்டிய முதல் வரியைத் தயார் செய்துகொண்டேன்.

கொட்டச்சேடு ரோட்டில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மஞ்சுப் பனி மூடி, பாதையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ரோட்டிலிருந்து லைன் வீடுகளுக்குக் காப்பிச் செடி நடுவே ஒரு நடைபாதை ஏறும். வீட்டுக்குக் கீழே ஒரு பலா மரம். பழம் விழுந்து அழுகி, புளித்த வாசனை பாதை வரைக்கும் அடித்தது. நான் என் பாட்டுக்கு, படத்தை நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஏறிக்கொண்டிருந்தேன்.

மேலே வீட்டுப் பக்கமிருந்து கூச்சல் வந்தது.

வயிற்றிலிருந்து கிளம்பி, மேலே மேலே ஏறி, உச்சியில் உடைந்தது. தை மாதத்துக்குப் பிறகு அந்த மலையில் ஒருவரும் அப்படிக் கத்தவில்லை. முன்பு என்றால் அதற்கு வழி சுத்தம், வா என்று அர்த்தம். நான் பதில் கூவவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கைக்கு எட்டிய சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போய் ஒட்டி நின்றேன்.

பலா மரத்தடி இருட்டு அசைந்தது. நான்கு காலிலும் வெள்ளை உறை போட்டாற்போல இருந்தது, அதுதான் முதலில் தெரிந்தது. பிறகு மூச்சுச் சத்தம். நான் ஏறி வந்த பாதைமேலேயே நின்றுகொண்டிருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் அதன் முகத்தில் முட்டியிருப்பேன். கொம்பு என் பக்கம் திரும்பியது. இதைக் கொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் துடித்தவள்தான் நான். அந்த நேரம் மரப்பட்டையைக் கட்டிக்கொண்டு, சேலை நனைந்துபோவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

மறுபடி கூச்சல். இந்த முறை இன்னும் கிட்டே. மனுஷன் வீட்டுக்குள்ளே நிற்கவில்லை, அதை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. லைன் வீட்டுக் கதவுகள் எல்லாம் படபடவென்று திறந்தன. அண்டா, தட்டு, மண்ணெண்ணெய் டின், கையில் கிடைத்ததை எல்லாம் அடித்துக்கொண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். எரிகிற கொள்ளிக்கட்டையை ஒருத்தி வீசினாள், அது கொம்பில் பட்டுப் பொறி சிதறியது. "எங்கடி இருக்கற கண்ணு! மரத்த உட்டு வராத!" என்று அத்தை அலறினார். மாடு ஒருமுறை தரையைக் கிளறியது. பிறகு பக்கத்துச் சரிவில் பாய்ந்து, காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டே கீழே போனது. அது போன பிறகும் அவர்கள் டின்னை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் லுங்கியோடு, வெறுங்காலோடு, தையல் போட்ட விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. பின்னாலேயே மூத்த பறிப்புக்கார அக்கா, டின்னை இன்னும் கையில் வைத்துக்கொண்டு, "கேட்டுச்சுங்க சாமி, இந்தவாட்டி நல்லாக் கேட்டுச்சுங்க" என்று தேம்பினாள்.

வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வரி மட்டும்தான் என் வாயில் இருந்தது, அதுவாக வந்துவிட்டது.

"ஏனுங்க... அந்த வாள்காரி கடைசில..."

விலாவைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாத!" என்று கத்தினார். "ஏய், சொல்லிப்புடாத! நான் பாக்கோணும்!"